ரப்பர் கையுறை: அணியும் முறையும் பேணும் முறையும்

அண்மையில் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி ஒருவர் வந்தார். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் மாமியாரை எட்டு மாதங்களாக அவர்தான் வீட்டில் கவனித்து வருகிறார். அவருடைய இரு கைகளிலும் மணிக்கட்டு வரை தோல் சிவந்து, வறண்டு, விரல் இடுக்குகளில் வெடித்திருந்தது. "அத்தையோட படுக்கைப்புண் எனக்கும் ஒட்டிக்கிச்சா, டாக்டர்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அந்த அச்சத்தால் ஒரு மாதமாக அவர் தம் பேரக் குழந்தையைத் தூக்கவில்லை. மாமியாருக்குச் சோறு ஊட்டும்போதுகூட ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறைகள் அணிந்திருந்தார்.

அவருக்கு எந்தத் தொற்றும் இல்லை. காலை முதல் இரவு வரை கழற்றாமல் அணிந்திருந்த ரப்பர் கையுறைக்குள் வியர்வையில் ஊறிய தோலே அவ்வாறு வெடித்திருந்தது. நோயிலிருந்து காப்பதற்காக அணிந்த பொருளே அவருக்கு நோயாக மாறியிருந்தது.

வீட்டில் நோயாளியைப் பேணும் குடும்பங்களில் இன்று கையுறைப் பெட்டி இல்லாத வீடு அரிது. ஆனால் அதை எப்போது அணிவது, எவ்வளவு நேரம் அணிவது, எப்படிக் கழற்றுவது, எப்படிப் பாதுகாப்பது என்பதைப் பெரும்பாலோருக்கு எவரும் சொல்லித் தருவதில்லை. கையுறையையும், அதோடு சேர்ந்த ரப்பர் காலணி, மழைக்கோட்டு ஆகியவற்றையும் முறையாகப் பயன்படுத்துவது பற்றி இக்கட்டுரையில் விளக்குகிறோம். ரப்பரே ஒத்துக்கொள்ளாத சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அறிய வேண்டியதை இறுதிப் பகுதியில் தனியாகக் கூறியுள்ளோம். அந்தப் பகுதியை மட்டும் எவரும் படிக்காமல் விட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

கையுறை பிறந்த கதை

அறுவை அரங்கில் ரப்பர் கையுறை நுழைந்ததே பணிவிடை செய்த ஒரு பெண்ணின் புண்பட்ட கைகளால்தான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1889–90 குளிர்காலத்தில், அறுவை அரங்கின் தலைமைச் செவிலியராக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். அக்காலத்தில் கிருமி நீக்கத்துக்காகப் பாதரசக் குளோரைடு கரைசலில் கைகளை நனைப்பது வழக்கம். அந்தக் கரைசல் அவருடைய கைகளிலும் முன்கைகளிலும் கடுமையான தோல் அழற்சியை உண்டாக்கியது. அங்கு அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்து அவருக்கு அளித்தார். 1890இல் அவ்விருவரும் மணம் புரிந்துகொண்டனர். அறுவைப் புண்ணில் சீழ் பிடிப்பதைக் கையுறை குறைக்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவாகத் தெரிய வந்தது.

இந்த வரலாற்றை நாங்கள் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பணிவிடை செய்பவரின் தோலைக் காப்பதே கையுறையின் முதல் வேலையாக இருந்தது. அந்த வேலையை அது செய்யாமல் தோலைக் கெடுக்கிறது என்றால், பயன்படுத்தும் முறையிலோ, தேர்ந்தெடுத்த வகையிலோ பிழை இருக்கிறது என்று பொருள்.

மரத்தின் பால் கையுறையாகும் விதம்

இயற்கை ரப்பர் ஒரு மரத்தின் பால். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், கீரிப்பாறைப் பகுதிகளில் அதிகாலையில் பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளர்களைப் பார்த்தவர்களுக்கு இது நன்கு தெரியும். பட்டையில் சரிவாகக் கீறி, அதிலிருந்து வடியும் வெண்ணிறப் பாலைச் சிரட்டையிலோ கிண்ணத்திலோ பிடிக்கின்றனர். இந்தப் பாலுக்குத்தான் லேடெக்ஸ் என்று பெயர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். சிறிதளவு புரதங்களும் உண்டு. அந்தப் புரதங்களே பின்னர் நாம் காணப்போகும் ஒவ்வாமைக்குக் காரணம்.

வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். இங்கிலாந்தில் சார்லஸ் மாக்கின்டாஷ் 1823இல் காப்புரிமை பெற்ற, இரண்டு துணிகளுக்கு இடையே ரப்பரைப் பூசிச் செய்த மழைத் துணிக்கும் தொடக்கத்தில் இதே குறை இருந்தது. ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த பின்னரே ரப்பர் உடை நிலைபெற்றது. இன்று கை வடிவிலான பீங்கான் அச்சுகளைப் பாலில் தோய்த்து, வெந்நீரில் அலசி, சூட்டில் பதப்படுத்திக் கையுறைகள் செய்கின்றனர். பதப்படுத்தலை விரைவுபடுத்தச் சில வேதிப்பொருள்களையும் சேர்க்கின்றனர். அவற்றின் மிச்சமும் கையுறையில் இருக்கும்.

எனவே ஒரு ரப்பர் கையுறையில் ரப்பர், மரத்தின் புரதம், வேதிப்பொருள் ஆகிய மூன்றும் உள்ளன. ரப்பரைக் கெடுப்பது எது, தோலைக் கெடுப்பது எது என்பன இதிலிருந்தே விளங்கும்.

எப்போது அணிய வேண்டும்? எப்போது வேண்டாம்?

இரத்தம், சீழ், சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றைத் தொட நேரும்போது கையுறை வேண்டும். படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதும், சிறுநீர்ப் பையைக் காலி செய்யும்போதும், டயப்பர் மாற்றும்போதும், பிளீச்சிங் பவுடர், பினாயில் போன்றவற்றைக் கையாளும்போதும் வேண்டும். உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்தால், அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி, பிறகு கையுறை அணியுங்கள்.

தலை வாரி விடுவதற்கும், சோறு ஊட்டுவதற்கும், கால் பிடித்து விடுவதற்கும், சட்டை மாற்றுவதற்கும், படுக்கையில் திருப்பிப் படுக்க வைப்பதற்கும் பொதுவாகக் கையுறை தேவையில்லை. தொற்றுநோய் காரணமாக மருத்துவர் தனியாக அறிவுறுத்தியிருந்தால் மட்டும் அதன்படி நடக்க வேண்டும். மற்றபடி, சோப்பும் நீரும் கொண்டு முன்னும் பின்னும் கை கழுவினால் போதும். நீண்ட நாள் படுக்கையில் இருப்பவருக்கு மனிதக் கையின் வெம்மை பெரிய ஆறுதல். பேச்சிழந்த நோயாளிகள் பலர் கையுறை அணிந்த கையைக் கண்டதும் முகம் திருப்பிக்கொள்வதை நாங்கள் வார்டில் கண்டிருக்கிறோம்.

எந்த வேலைக்கு எந்தக் கையுறை?

ஒருமுறை அணிந்து எறியும் மெல்லிய கையுறை ஒருவகை. இது லேடெக்ஸ், நைட்ரில், வினைல் ஆகியவற்றில் கிடைக்கிறது. பாத்திரம் துலக்கவும் கழிவறை கழுவவும் பயன்படும் தடித்த வீட்டுக் கையுறை மற்றொரு வகை. இவ்விரண்டையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தக் கூடாது.

லேடெக்ஸ் கையுறை கையோடு நன்கு பொருந்தும், நன்றாக நீளும். நைட்ரில் செயற்கை ரப்பர். அதில் மரப்பால் புரதம் இல்லை. எண்ணெய்க்கும் எளிதில் கெடாது. வினைல் விலை குறைவு. ஆனால் தளர்வானது, விரைவில் கிழியும். சிறு வேலைகளுக்கு மட்டும் உகந்தது. வீட்டுப் பணிவிடைக்குப் பொதுவாக நைட்ரில் கையுறையை நாங்கள் பரிந்துரைக்கிறோம். லேடெக்ஸைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே மாவு தூவாத வகையை வாங்குங்கள். மாவுத் துகள்கள் ரப்பர் புரதத்தைச் சுமந்து காற்றில் பறக்கும், மூச்சுக்குள்ளும் செல்லும். இக்காரணத்தால் மாவு தூவிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது.

அளவும் முக்கியம். இறுக்கமான கையுறை விரைவில் கிழியும்; இரத்த ஓட்டத்தையும் தடுக்கும். தளர்ந்த கையுறையின் வழியே நீர் உள்ளே இறங்கும்.

அணியும் முறை

முதலில் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுங்கள். மோதிரத்தின் அடியில் சோப்பு தங்கித் தோலை அரிக்கும். கல் பதித்த மோதிரம் கையுறையைக் கிழிக்கும். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு கைகளைக் கழுவி, விரல் இடுக்குகள் உட்பட முழுமையாக உலரத் துடையுங்கள். ஈரக் கையில் கையுறை அணிவதே நாங்கள் அடிக்கடி காணும் பிழை. உள்ளே அடைபட்ட ஈரம் தோலை ஊற வைக்கும்; ஊறிய தோல் எளிதில் வெடிக்கும்.

அணிவதற்குச் சற்று முன்னர் தேங்காய் எண்ணெய், வாசலின், நல்லெண்ணெய் போன்றவற்றைக் கையில் தடவ வேண்டாம். எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் உப்பி, வலுவிழந்து, கண்ணுக்குத் தெரியாமலே கிழியத் தொடங்கும். ஆணுறைக்கும் இதே விதி பொருந்தும். எண்ணெயும் வாசலினும் தோலுக்கு மிகவும் நல்லவை. வேலையெல்லாம் முடிந்த பின், இரவில் தடவிக்கொள்ளுங்கள்.

தடித்த வீட்டுக் கையுறையைப் பத்து நிமிடங்களுக்கு மேல் அணிவதாக இருந்தால், உள்ளே மெல்லிய பருத்தி நூல் கையுறை ஒன்றை அணிவது நல்லது. அது வியர்வையை உறிஞ்சும். நனைந்தவுடன் அதை மாற்ற வேண்டும். எப்படியிருந்தாலும் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றிக் கைகளுக்குக் காற்று படச் செய்யுங்கள்.

கழற்றும் முறை

கையுறையின் வெளிப்பக்கம் அழுக்கு, உட்பக்கம் தூய்மை. வெளிப்பக்கம் உங்கள் தோலில் படாமல் கழற்ற வேண்டும் என்பதை நினைவில் கொண்டால் போதும். முறை தானாக வரும். வலக்கை விரல்களால் இடக்கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை வெளிப்புறமாகக் கிள்ளிப் பிடித்து, உள்வெளியாகப் புரளுமாறு உருவுங்கள். உருவியதை வலக்கைக்குள் உருண்டையாகப் பற்றிக்கொள்ளுங்கள். இப்போது வெறுமையாக உள்ள இடக்கை விரலை வலக்கையுறையின் உட்பக்கமாக மணிக்கட்டில் நுழைத்து, அதையும் புரட்டி உருவுங்கள். முதல் கையுறை இரண்டாவதற்குள் அடங்கிவிடும். அதை ஒரு பையிலிட்டுக் கட்டி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே கொடுங்கள். தூய்மைப் பணியாளரின் கைகளும் காக்கப்பட வேண்டியவை அல்லவா?

பின்னர் கை கழுவுவது கட்டாயம். கையுறையில் நுண்ணிய துளைகள் இருக்கக்கூடும். கழற்றும்போதும் கையில் அழுக்குப் பட்டிருக்கலாம். கையுறை ஒருபோதும் கை கழுவுவதற்கு மாற்றாகாது.

ஒருமுறைக் கையுறையைச் சோப்பிலோ ஸ்பிரிட்டிலோ கழுவி மீண்டும் அணியும் பழக்கம் சில வீடுகளில் உள்ளது. செலவை எண்ணிச் செய்கிறார்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் கழுவும்போது அந்த மெல்லிய படலத்தில் நுண்துளைகள் பெருகும், நீர் உட்புகும். செலவைக் குறைக்க வேண்டுமெனில், தேவையற்ற வேளைகளில் அணிவதை நிறுத்துங்கள். எங்களிடம் வந்த பெண்மணியின் வீட்டில் நாளொன்றுக்கு இருபது கையுறைகள் செலவாகிக்கொண்டிருந்தன. உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டவை ஐந்து அல்லது ஆறு இணைகள் மட்டுமே.

வீட்டுக் கையுறையைப் பேணும் முறை

தடித்த கையுறையைக் கழற்றுவதற்கு முன், கையில் இருக்கும்போதே சோப்பு நீரில் வெளிப்புறத்தைக் கழுவி அலசுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை உட்புறத்தையும் வெளியே புரட்டி, வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவ வேண்டும். கொதிநீர் வேண்டாம். துவைப்பு இயந்திரமும் வேண்டாம்.

உலர்த்துவது நிழலில். வெயில் ரப்பரின் பெரும் பகைவன். கொடியில் வெயில் படத் தொங்கவிட்ட கையுறை சில வாரங்களில் நிறம் மங்கி, பிசுபிசுத்து, பின் வெடிக்கும். முதலில் உட்புறம் வெளியே இருக்குமாறு உலர்த்துங்கள். உலர்ந்ததும் புரட்டி மறுபுறத்தை உலர்த்துங்கள். விரல் நுனிகளில் ஈரம் தங்கினால் பூஞ்சை வளரும்.

உலர்ந்தபின் மடிக்காமல், அழுத்தமின்றி, துணிப்பையிலோ காகிதப் பையிலோ இருட்டான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அடுப்பு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் அருகே வேண்டாம். வெப்பமும், மின் பொறிகளின் அருகே உண்டாகும் ஓசோன் வாயுவும் ரப்பரை நொறுங்கச் செய்யும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களோடு சேர்த்தும் வைக்க வேண்டாம். அந்த உலோகங்கள் இயற்கை ரப்பரில் கறை ஏற்படுத்தி, அதன் வலுவைக் குறைக்கும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவதும், கிளிப் மாட்டித் தொங்கவிடுவதும் கூடாது.

ஓட்டை உள்ளதா என அறிய எளிய வழி உண்டு. கையுறைக்குள் காற்றைப் பிடித்து, வாய்ப்பகுதியை இரண்டு சுற்றுச் சுருட்டி அழுத்துங்கள். விரல்கள் பலூன்போல் உப்பி நிற்க வேண்டும். ஐயம் இருந்தால் ஒரு வாளி நீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தக் கையுறையின் ஆயுள் முடிந்தது. ஓட்டைக் கையுறை வெறுங்கையைவிடத் தீயது. காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் அழுக்கைத் துணிந்து தொடுவோம். உள்ளே புகுந்த அழுக்கு நீரோ மணிக்கணக்கில் தோலோடு ஒட்டியிருக்கும்.

கழிவறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, நோயாளியின் அறைக்கு ஒன்று என வெவ்வேறு நிறங்களில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இந்தக் கையுறைகள் மின்சார வேலைக்கு உரியவை அல்ல. மின்னதிர்ச்சியிலிருந்து இவை காக்கும் என்று எண்ணவே கூடாது.

ரப்பர் காலணியும் மழைக்கோட்டும்

மழைக்காலத்தில் தேங்கிய நீரிலும், வயலிலும், சாக்கடையிலும் இறங்கிப் பணியாற்றுவோருக்கு எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு. எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, காலில் உள்ள வெடிப்பு வழியாக உடலுக்குள் புகுகிறது. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் அணிவது நல்ல காப்பு. அணியும் முன் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். தேளோ பாம்புக் குட்டியோ உள்ளே இருக்கலாம். பருத்திக் காலுறை அணியுங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள். வேலை முடிந்ததும் வெளியே கழுவி, உள்ளே காகிதத்தைத் திணித்து ஈரத்தை உறிஞ்சவிட்டு, நிழலில் கவிழ்த்து வையுங்கள். இரண்டு இணைகள் இருந்தால் நாள் மாற்றி நாள் அணியலாம்.

நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். உள்ளே ஒரு சிறு கல் இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அணியும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். கழற்றியதும் பாதத்தின் அடிப்பகுதியைக் கண்ணாடி கொண்டு பாருங்கள். கொப்புளமோ சிவப்போ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரப்பர் பூசிய மழைக்கோட்டை ஈரத் துணியால் துடைத்தால் போதும். இஸ்திரி, துவைப்பு இயந்திரம், உலர் சலவை எதுவும் கூடாது. மடித்து வைத்தால் மடிப்பு வரிகளில் வெடிக்கும். அகன்ற தாங்கியில் நிழலில் தொங்கவிடுங்கள். இது காற்றைப் புகவிடாத உடை. ஆகவே மழை நின்றதும் கழற்றிவிடுங்கள். முதியவர்களும் இதய நோயாளிகளும் புழுக்கத்தில் இதை நீண்ட நேரம் அணிந்தால் உடல் வெப்பம் ஏறி மயக்கம் வரக்கூடும்.

கைகளில் தோன்றும் மூவகைத் தொல்லைகள்

கையுறையால் தோலில் தொல்லை வந்தால் எல்லாவற்றையும் 'அலர்ஜி' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை மூன்று வகை. தீர்வும் வேறு வேறு.

முதலாவது எரிச்சல் அழற்சி. இதுவே மிகவும் பரவலானது. வியர்வை, ஈரம், சோப்பு, அடிக்கடி கை கழுவுதல் ஆகியவற்றால் தோலின் எண்ணெய்ப் பசை போய், வறண்டு வெடிக்கிறது. இது ஒவ்வாமை அன்று. கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய பெண்மணிக்கு இருந்தது இதுவே.

இரண்டாவது வேதிப்பொருள் ஒவ்வாமை. பதப்படுத்தும்போது சேர்த்த வேதிப்பொருள்களே இதற்குப் பெரும்பாலும் காரணம். அணிந்து ஒன்றிரண்டு நாள் கழித்து, கையுறை பட்ட இடத்தில் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். இத்தகைய வேதிப்பொருள்கள் பல நைட்ரில் கையுறைகளிலும் உண்டு. எனவே நைட்ரிலுக்கு மாறியும் குணமாகாதவர்கள் வியப்படைய வேண்டாம். முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை மூலம் எந்த வேதிப்பொருள் காரணம் என்பதைக் கண்டறிந்து, அது இல்லாத கையுறையைப் பரிந்துரைக்க முடியும்.

மூன்றாவது மரப்பால் புரத ஒவ்வாமை. இது குறைந்தோரையே பாதிக்கும். ஆனால் உயிருக்கு ஆபத்தானது. ரப்பர் பட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், தும்மல், கண்ணில் நீர் வடிதல் ஆகியவை தோன்றும். சிலருக்கு மூச்சிளைப்பும், இரத்த அழுத்த வீழ்ச்சியும், மயக்கமும் வரும்.

ரப்பர் ஒவ்வாமை: ஒரு சொல் காத்த உயிர்

பிறவியிலேயே முதுகுத்தண்டுப் பிளவு கொண்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஐந்தாவது அறுவை சிகிச்சை திட்டமிடப்பட்டிருந்தது. முன் பரிசோதனையின்போது அவனுடைய பாட்டி, "பிறந்தநாளைக்குப் பலூன் ஊதினா இவனுக்கு உதடு வீங்கிடும், ஐயா" என்று தற்செயலாகச் சொன்னார். மயக்க மருத்துவர் உடனே நிமிர்ந்தார். பரிசோதித்ததில் மரப்பால் ஒவ்வாமை உறுதியாயிற்று. கையுறைகள், சிறுநீர்க் குழாய், கையில் கட்டும் பட்டை எனச் சிறுவனைத் தொடக்கூடிய அனைத்தும் லேடெக்ஸ் இல்லாதவையாக மாற்றப்பட்டு, அன்றைய முதல் அறுவையாக அது நடந்தது. சிறுவன் நலமாக வீடு திரும்பினான். பாட்டி அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாங்கள் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை.

குழந்தைப் பருவம் முதல் பலமுறை அறுவை சிகிச்சை பெற்றவர்கள், முதுகுத்தண்டுப் பிளவோ சிறுநீர்ப் பாதைக் குறைபாடோ உடன் பிறந்தவர்கள், மருத்துவப் பணியாளர்கள், ரப்பர் தொழிலில் உள்ளோர், ஆஸ்துமா அல்லது வேறு ஒவ்வாமை உடையோர் ஆகியோருக்கு இந்த வாய்ப்பு கூடுதல். வாழைப்பழம், வெண்ணெய்ப் பழம், கிவி, பப்பாளி ஆகியவற்றில் ரப்பர் புரதத்தை ஒத்த புரதங்கள் உள்ளன. இவற்றை உண்டதும் வாய் அரிப்போ உதடு வீக்கமோ வருகிறதென்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தத் தொல்லையும் தராத பழத்தை அச்சத்தால் நிறுத்த வேண்டியதில்லை.

ஐயம் உள்ளவர்கள் தாமே ரப்பரைத் தொட்டுச் சோதித்துப் பார்க்கக் கூடாது. இரத்தப் பரிசோதனையும், மருத்துவர் மேற்பார்வையில் செய்யும் தோல் பரிசோதனையும் உள்ளன. ஒவ்வாமை உறுதியானவர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. மருத்துவமனையில் சேரும்போதும், பல் மருத்துவரிடம் செல்லும்போதும், மகப்பேற்றுப் பரிசோதனையின்போதும், "எனக்கு ரப்பர் ஒவ்வாமை உண்டு" என்று முதலில் கூறுங்கள். அதை எழுதிய அட்டை ஒன்றைப் பணப்பையில் வைத்திருங்கள்.

2. பலூன், லேடெக்ஸ் கையுறை, லேடெக்ஸ் ஆணுறை ஆகியவற்றைத் தவிருங்கள். இவையெல்லாம் பாலில் தோய்த்துச் செய்பவை. புரதம் மிகுதியாக இருக்கும். அச்சில் அழுத்திச் செய்த டயர், பூட்ஸ் போன்றவற்றில் பொதுவாகக் குறைவு. சுவருக்குப் பூசும் லேடெக்ஸ் பெயின்டில் இயற்கை ரப்பர் இல்லை.

3. 'ஒவ்வாமை குறைந்தது' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். லேடெக்ஸ் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

4. முன்னர் கடுமையான எதிர்விளைவு வந்தவர்கள் அட்ரினலின் ஊசி வைத்திருப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

5. மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் உடனே 108ஐ அழையுங்கள். மயக்கமானவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறுபவரைச் சாய்ந்து உட்கார விடுங்கள். எழுந்து நடக்கச் செய்ய வேண்டாம்.

அந்தப் பெண்மணிக்கு நாங்கள் சொன்னவை

மிகையான கையுறையை நிறுத்தச் சொன்னோம். எஞ்சிய வேலைகளுக்கு நைட்ரில் கையுறை, பாத்திரம் துலக்கத் தடித்த கையுறையும் உள்ளே பருத்திக் கையுறையும், கை கழுவ மென்மையான சோப்பு, இரவில் வாசலின், இரண்டு வாரங்களுக்கு ஒரு களிம்பு. மாமியாரின் கையை வெறுங்கையால் பிடித்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அதைக் கேட்டபோது அவர் அழுதுவிட்டார்.

ஆறு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். கைகள் பெரும்பாலும் ஆறியிருந்தன. இடுப்பில் பேரக் குழந்தை இருந்தது. தம்மைப் போலவே கை வெடித்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் உடன் அழைத்து வந்திருந்தார். உங்கள் வீட்டிலும் அத்தகைய கைகள் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காமல், அஞ்சி ஒதுங்காமல், அந்தக் கைகளையும் அவை அணிந்த கையுறைகளையும் கொண்டு வந்து எங்களிடம் காட்டுங்கள். பயன்படுத்திய கையுறைப் பெட்டியின் மேலட்டையையும் எடுத்து வந்தால் காரணத்தைக் கண்டறிவது எங்களுக்கு எளிதாகும்.